கொழுப்பைப் பற்றி எழுதும்போது "எதற்குப் பதிலாக?" என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சமையல் எண்ணெய்கள்தான் உடலில் அழற்சியை மூட்டிவிடுகின்றன என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் என் தம்பி போன் செய்துவிட்டான். "அக்கா, பேப்பர் பார்த்தியா? இனி எண்ணெயையும் நிறுத்திடவா?" என்றான். அவன் குரலில் இருந்த களைப்புதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

அவன் உங்கள் பத்திரிகையை நம்பிப் படிக்கிறவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில், கொழுப்பை ஒதுக்கினால் சர்க்கரை நோய் அண்டாது என்று படித்தான், ஒதுக்கினான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கொழுப்பு எதிரியே அல்ல, வெண்ணெயைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று படித்தான், சாப்பிட்டான். இரண்டு முறையும் அவன் ரத்தம் என்ன சொன்னது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 34 ஆண்டுகள் மருத்துவ ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்து, போன ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை. ஆனால் சாப்பாடு ரத்தமாக மாறி டியூபில் வந்து நிற்பதை அன்றாடம் பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரத்தம் எடுத்து, உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது சீரம். நல்ல சீரம் இளமஞ்சளாக, அதற்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். சிலருடையது கலங்கியிருக்கும். சிலருடையது பால் போலவே இருக்கும். "சாம்பிள் லிபீமிக்", அதாவது கொழுப்பால் கலங்கியது, என்று ரிப்போர்ட்டில் குறிப்போம். கலங்கலாக வந்தால் எங்கள் முதல் கேள்வி, "சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா?" என்பதுதான். ஏனென்றால் உணவிலுள்ள கொழுப்பு குடலில் செரித்தபின் சர்க்கரையைப் போல நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை. கைலோமைக்ரான் என்கிற நுண்ணிய உருண்டைகளாகக் கட்டப்பட்டு, நிணநீர் வழியாக மேலே ஏறி, கழுத்தடியில் உள்ள ஒரு ரத்தக்குழாயில் வந்து கொட்டுகிறது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் மூன்று நான்கு மணி நேரத்தில் சீரம் கலங்கியிருந்தால் அது நோயல்ல, போக்குவரத்து. இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்தால் அது வடிந்துவிட வேண்டும்.

பழைய டெக்னீஷியன்களுக்கு ஒரு வழி தெரியும். கலங்கிய சாம்பிளை ஓரிரவு பிரிட்ஜில் அசையாமல் நிறுத்தி வைப்போம். காலையில் மேலே ஏடு கட்டியிருந்தால் அது கைலோமைக்ரான், அதாவது உணவிலிருந்து வந்த கொழுப்பு. ஏடு கட்டாமல் டியூப் முழுவதும் ஒரே சீராகக் கலங்கி நின்றால் அது விஎல்டிஎல். கல்லீரல் தானே கட்டி ரத்தத்தில் அனுப்பிய கொழுப்பு.

என் தம்பி கொழுப்பை ஒதுக்கி ஓர் ஆண்டு ஆனபின், 12 மணி நேரம் பட்டினி இருந்து ரத்தம் கொடுத்தான். சீரம் கலங்கல். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 486. இருக்க வேண்டியது 150-க்குக் கீழே. அந்த டியூபை நான் பிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தேன்; ஏடு இல்லை. அடி முதல் நுனி வரை ஒரே வெண்மை. வாயில் கொழுப்பே போடாத மனிதனின் ரத்தத்தில் கொழுப்பு மிதந்தது, அதுவும் அவன் கல்லீரல் செய்த கொழுப்பு.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுறேன்னு சொல்லுடா" என்றேன். எண்ணெய் இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டையில் மஞ்சள் கரு இல்லை, பாதாம் இல்லை. பிறகு பசி எப்படி அடங்கியது? "கொழுப்பு நீக்கியது" என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கட், பழச்சாறு, சர்க்கரை சேர்த்த கொழுப்பில்லாத தயிர், கூடவே நிறைய ரொட்டி. கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரையும் மாவும் வந்து உட்கார்ந்திருந்தன. கட்டுரை எதை நிறுத்த வேண்டும் என்று சொன்னதே தவிர, அந்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

2005-இல் கல்லீரல் கொழுப்பு நோயாளிகள் ஒன்பது பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு தேடினார்கள். ஏறத்தாழ 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்தது. 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரை முதலானவற்றிலிருந்து புதிதாகச் செய்தது. உணவுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். என் தம்பியின் டியூபில் ஏடு கட்டாததன் காரணம் இந்த ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, கொழுப்புக்கு இதில் பங்கே இல்லை என்று முடிவு கட்டினால் அடுத்த தவறில் விழுவோம். அவன் விழுந்தான். வெண்ணெய்க் கட்டுரையைப் படித்த பின் காலைக் காப்பியிலேயே ஒரு கரண்டி வெண்ணெய் போட்டுக்கொண்டான். சர்க்கரையைக் குறைத்ததால் டிரைகிளிசரைடு ஓரளவு இறங்கியது. உண்மைதான், அதற்கான பாராட்டு அவனுக்குச் சேர வேண்டும். ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் ஏறியது, வெறும் வயிற்று இன்சுலின் ஏறியது, இடுப்பு குறையவே இல்லை. ஸ்கேனில் கல்லீரல் முன்போலவே கொழுத்திருந்தது. "அக்கா, எதைச் சாப்பிட்டாலும் தப்பா?" என்று கேட்டான். 50 வயது மனிதன் அப்படிக் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன என்பதை உங்கள் பக்கத்தில் ஒருமுறையாவது பொறுமையாக விளக்குங்கள். சர்க்கரையை உயிரணுவுக்குள் அனுமதிக்கச் சொல்லி இன்சுலின் தட்டுகிறது. தசையும் கல்லீரலும் காதில் வாங்காதபோது கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. ஏன் காதில் வாங்குவதில்லை? கொழுப்பு மிகுந்த உணவு உண்டவர்களிடம் இன்சுலினின் வேகம் குறைகிறது என்பதை இங்கிலாந்தில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் 1930-களிலேயே கவனித்தார். நீரிழிவில் இன்சுலினுக்குப் பணியும் வகை, பணியாத வகை என்று இரண்டு உண்டு என 1936-இல் எழுதியவரும் அவரே. 1963-இல் பிலிப் ராண்டில், தசைக்குக் கொழுப்பு அமிலம் அதிகமாகக் கிடைத்தால் அது குளுக்கோஸை எரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டினார். பிற்காலத்தில் இன்னும் நுணுக்கமாகத் தெரிந்தது. எரியாமலும் சேமிப்பாகாமலும் இடையில் தேங்கும் டைஅசில்கிளிசரால், செராமைடு போன்ற கொழுப்புப் பொருள்கள், இன்சுலின் சொல்லியனுப்பும் செய்தியை உயிரணுவுக்குள்ளேயே வழிமறிக்கின்றன. செராமைடை உடல் கட்டத் தொடங்குவது பால்மிடிக் அமிலத்திலிருந்து. பாமாயிலிலும் வெண்ணெயிலும் நிறைய உள்ள நிறைகொழுப்பு அமிலம் அது.

இங்கே நான் நின்று சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கொழுப்பு இருப்பது மட்டுமே குற்றமல்ல. பிறவியிலேயே கொழுப்புத் திசு வளராத லிபோடிஸ்ட்ரோபி என்ற அரிய நோய் உண்டு. அது உள்ளவர்களின் தோலுக்கடியில் கொழுப்பே இருக்காது. தசைநார் தெரிய மெலிந்திருப்பார்கள். பார்ப்பவர்கள் ஆரோக்கியம் என்பார்கள். ஆனால் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு, கொழுத்த கல்லீரல், பால் போன்ற சீரம் எல்லாம் அவர்களுக்குத்தான் வருகின்றன. கொழுப்புத் திசு ஒரு கிடங்கு. கிடங்கே இல்லாதவனும், கிடங்கு நிரம்பி வழிபவனும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள்: சரக்கு, இருக்கக் கூடாத கல்லீரலிலும் தசையிலும் கொட்டிக் கிடக்கிறது. மாறாக, நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களின் தசையில் கொழுப்பு நிறையவே இருக்கிறது என்றும், இருந்தும் இன்சுலின் அவர்களிடம் மிக நன்றாக வேலை செய்கிறது என்றும் 2001-இல் வெளியான ஆய்வு சொன்னது. அவர்கள் சேர்த்ததை அன்றாடம் எரிக்கிறார்கள்.

இனி, எந்தக் கொழுப்பு என்ற கேள்வி. ஸ்வீடனில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வை உங்கள் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். 39 பேர், இளைஞர்கள், ஒல்லியானவர்கள். எல்லோருக்கும் ஏழு வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கேக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் கேக்கில் பாமாயில், இன்னொரு குழுவின் கேக்கில் சூரியகாந்தி எண்ணெய். மாவும் சர்க்கரையும் ஒன்றுதான், கலோரியும் ஒன்றுதான். இரு குழுவினரும் சராசரியாக 1.6 கிலோ எடை கூடினார்கள். எடை இயந்திரத்தில் ஏற்றினால் வித்தியாசமே தெரியாது. ஸ்கேன் செய்தபோதுதான் தெரிந்தது: பாமாயில் குழுவில் கல்லீரலிலும் வயிற்று உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு அதிகமாகச் சேர்ந்திருந்தது, சூரியகாந்தி குழுவில் கூடிய எடையில் தசை முதலான கொழுப்பற்ற திசுவின் பங்கு அதிகமாக இருந்தது. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே எடை, ஒரே கலோரி, ஒரே கேக். உள்ளே போய்ச் சேர்ந்த இடம் மட்டும் வேறு.

2018-இல் இன்னொரு ஆய்வு. அதிக எடையுள்ள 38 பேருக்கு மூன்று வாரம், நாளைக்கு 1,000 கலோரி கூடுதலாக. ஒரு பிரிவுக்கு நிறைகொழுப்பாக, ஒரு பிரிவுக்குத் திரவ எண்ணெய்களில் அதிகமுள்ள நிறைவுறாக் கொழுப்பாக, மற்றொரு பிரிவுக்கு வெறும் சர்க்கரையாக. கல்லீரல் கொழுப்பு முதல் பிரிவில் 55 சதவீதம் கூடியது, நிறைவுறாக் கொழுப்புப் பிரிவில் 15, சர்க்கரைப் பிரிவில் 33. நிறைகொழுப்பு உண்டவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பும் ரத்தச் செராமைடும் கூடின. என் தம்பியின் இரண்டு தவறுகளும் இந்த மூன்று எண்களுக்குள் இருக்கின்றன.

இதற்காக, நல்ல எண்ணெய் என்றால் எவ்வளவும் ஊற்றலாம் என்றும் எழுதிவிடாதீர்கள். 162 பேரிடம் மூன்று மாதம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், நிறைகொழுப்பு உணவு இன்சுலினின் திறனை 10 சதவீதம் குறைத்தது. ஆலிவ் எண்ணெயில் உள்ளது போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு உண்டவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ஆனால் மொத்த கலோரியில் 37 சதவீதத்துக்கு மேல் கொழுப்பாகவே உண்டவர்களிடம் இந்த வித்தியாசம் காணாமல் போனது. எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. மாவுக்கும் புரதத்துக்கும் 4. எடை கூடும் விஷயத்தில் இந்தக் கணக்கிலிருந்து எந்த எண்ணெய்க்கும் விலக்கு இல்லை. அதே நேரம், கொழுப்பைக் குறைப்பதா மாவுச்சத்தைக் குறைப்பதா என்று 609 பேரை ஓர் ஆண்டு ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். இறங்கிய எடை 5.3 கிலோ, 6 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இரு சாராரையும் சர்க்கரையையும் மைதா வகைகளையும் குறைத்து, காய்கறியைக் கூட்டி, முழு உணவாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

போன வாரக் கட்டுரைக்கு வருகிறேன். அழற்சிக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்று அதில் சொன்னது சரி. 1993-இல், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் மறுபடி வேலை செய்வதையும் கண்டார்கள். 2003-இல், மெலிந்த உடலின் கொழுப்புத் திசுவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள், மிகவும் பருத்தவர்களிடம் 40 சதவீதத்தை நெருங்குகின்றன என்று தெரிந்தது. மூச்சுத் திணறும் கிடங்கில் இறக்கும் கொழுப்பணுக்களைச் சூழ்ந்து அவை வேலை செய்கின்றன. ஆனால் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்தை நீரிழிவு உள்ள மனிதர்களுக்குக் கொடுத்தபோது எலியில் கண்ட பலன் கிடைக்கவில்லை. எலியில் கண்டதை எலியில் கண்டது என்றே எழுத வேண்டும். உங்கள் கட்டுரையில் "எலி" என்ற சொல்லே இல்லை.

சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் உள்ள லினோலிக் அமிலம் அராகிடோனிக் அமிலமாக மாறி அழற்சியைத் தூண்டும் என்பது கட்டுரையின் வாதம். காகிதத்தில் அந்தப் பாதை இருக்கிறது. உடலோ அந்தப் பாதையில் கெடுபிடி வைத்திருக்கிறது. லினோலிக்கை அதிகம் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அராகிடோனிக் பெரிதாக ஏறுவதில்லை. மனிதர்களிடம் நடந்த 15 கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் பார்த்தபோது, லினோலிக் அமிலம் அழற்சிக் குறியீடுகளை உயர்த்தியதற்குச் சான்று இல்லை. 2017-இல், 10 நாடுகளைச் சேர்ந்த 39,740 பேரின் ரத்தத்தை அளந்து பின்தொடர்ந்த தொகுப்பில், லினோலிக் அமிலம் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவாக இருந்தவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. மறுபுறம், அதே கட்டுரை பரிந்துரைத்த ஒமேகா-3 மாத்திரைகளைப் பற்றி: 83 ஆய்வுகள், 1,21,070 பேர்; நீரிழிவைத் தடுப்பதில் அவற்றால் பலன் இல்லை, இருந்தாலும் மிகச் சொற்பம் என்று 2019-இல் முடிவு வந்தது. மீன் சாப்பிடுவது வேறு, மாத்திரைக்குச் செலவழிப்பது வேறு.

டிரான்ஸ் கொழுப்பு கெடுதல் என்பதில் மட்டும் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. திரவ எண்ணெயைக் கெட்டியாக்கும் முறைக்கு வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். அதன் பக்கவிளைவாக வந்த டிரான்ஸ் கொழுப்பைக் கட்டுப்படுத்தி முதல் சட்டம் டென்மார்க்கில் 2003-இல்தான் வந்தது. இடையில் நூறு ஆண்டுகள்.

இன்னொரு வேண்டுகோள், இது தமிழ் சம்பந்தப்பட்டது. எண்ணெயில் உள்ளதும் கொழுப்பு, ரத்தத்தில் அளக்கும் கொலஸ்ட்ராலும் உங்கள் பக்கத்தில் கொழுப்பு, டிரைகிளிசரைடும் கொழுப்பு, இடுப்பில் சேர்ந்ததும் கொழுப்பு. ரிசல்ட் வாங்க வருகிறவர்கள் என்னிடம், "எனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாம், ஆனா நான் எண்ணெயே சேர்க்கலையே" என்று சொல்லாத நாள் கிடையாது. ஒரே சொல் நான்கு பொருளுக்கு நிற்பதால் வந்த குழப்பம் அது. உணவுக் கொழுப்பு, உடல் கொழுப்பு, கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். மேலும், "உனக்குக் கொழுப்புடா" என்பது நம் மொழியில் திமிருக்குச் சொல்லும் வசவு. பருத்த உடலோடு ரத்தம் கொடுக்க வந்த எத்தனையோ பெண்கள், ஊசி குத்துவதற்கு முன்பே ஏதோ குற்றம் செய்தவர்கள் போலத் தலை குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நரம்பு தேடக் கைக்கட்டைச் சற்று இறுக்கினாலும் "மன்னிச்சுக்கோங்க" என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் படிக்கும் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தலைப்பில் போடும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். எதையாவது விடச் சொல்லும் கட்டுரையோ எதையாவது சேர்க்கச் சொல்லும் கட்டுரையோ வந்தால், அச்சுக்குப் போகும் முன் எழுதியவரிடம் "எதற்குப் பதிலாக?" என்று கேளுங்கள். வெண்ணெய்க்குப் பதிலாகப் பழச்சாறா, வெண்ணெய்க்குப் பதிலாகப் பாதாமா? எண்ணெய்க்குப் பதிலாக வெண்ணெயா? விடைக்கு விடை ரத்தத்தில் வித்தியாசம் தெரியும். 102 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது: மாவுச்சத்தையோ நிறைகொழுப்பையோ எடுத்து அந்த இடத்தில் சூரியகாந்தி எண்ணெயில் உள்ளது போன்ற பல்நிறைவுறாக் கொழுப்பை வைத்தபோது மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி இறங்கியது. இறக்கம் சிறியதுதான், ஆனால் உறுதியாக இருந்தது.

என் தம்பிக்கு நான் ஞாயிறன்று சொன்ன பதில், "எண்ணெயை நிறுத்தாதே, அளந்து ஊற்று" என்பதுதான். கடந்த பதினான்கு மாதமாக அவன் வெண்ணெயின் இடத்தில் எண்ணெயும், பிஸ்கட்டின் இடத்தில் ஒரு கைப்பிடி பாதாமும், பழச்சாற்றின் இடத்தில் பழமும் வைத்திருக்கிறான். மருத்துவர் கொடுத்த மாத்திரையை விடாமல் போடுகிறான், மாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறான். ஏழு கிலோ குறைந்திருக்கிறான். எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. போன மாதம் அவன் ரத்தம் கொடுத்தபோது நான் பழகிய பழைய ஆய்வகத்துக்கே அழைத்துப் போனேன். அங்கே இப்போது இருக்கும் பெண் என்னிடம் பயின்றவள். டியூபைச் சுற்றி எடுத்ததும் எதுவும் பேசாமல் என் பக்கம் நீட்டினாள். இளமஞ்சள். அதற்குப் பின்னால் ரிப்போர்ட் தாளைப் பிடித்துப் பார்த்தேன், அவன் பெயரைப் படிக்க முடிந்தது. டிரைகிளிசரைடு 168. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக டெக்னீஷியன், தங்கள் நீண்டநாள் வாசகி